வெறும் வயிற்றில் பார்த்தது

பிப்ரவரி 4

அத்தானுக்கு,

வாண்டு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள். ரயிலில் ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். கொடுத்ததும் தூங்கிவிட்டாள். திங்கட்கிழமை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்வரை மேல் வீட்டு டீச்சரம்மா பார்த்துக்கொள்கிறார். உங்கள் மகள் ஒன்பது வயதில் என்னைவிடப் பெரிய மனுஷி மாதிரி நடந்துகொள்கிறாள், அதனால் கஷ்டம் ஒன்றும் இல்லை. தலை பின்னுவதில்தான் தகராறு. லிஃப்ட் மெக்கானிக் கைக்கு இரும்புக் கயிறு பழக்கம், முடி பழக்கமில்லை. முதல் நாள் நான் பின்னிவிட்டதைப் பார்த்த டீச்சரம்மா, இதைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிவரை ஏறலாம் போலிருக்கிறதே என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அவளோடு போனில் பேசலாம். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, கோபம் வந்தால் என் வாய் நிற்பதில்லை. எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால்தான் கடிதம்.

அக்கா போன மறுநாள் எல்லோர் முன்னாலும் உங்களை ஒன்று கேட்டேன். "தினமும் உங்க விரலைக் குத்திச் சர்க்கரை பாத்தாளே எங்க அக்கா, ஒரு நாளாவது நீங்க அவ விரலைக் குத்திப் பாத்தீங்களா?" நீங்கள் பதில் சொல்லவில்லை. அவளுக்கும் பல வருஷமாகச் சர்க்கரை இருந்திருக்க வேண்டும், அதனால்தான் மாரடைப்பு வந்தபோது வலிகூடத் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னாரே, அப்போதும் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். நான் கேட்ட இடம் தப்பு. கேட்டது தப்பு என்று இன்றைக்கும் தோன்றவில்லை.

இனி உங்களையாவது காப்பாற்ற வேண்டும். உங்களுக்காக இல்லை, அவளுக்காக. அம்மா இல்லாத பிள்ளை அப்பாவும் இல்லாமல் நிற்கக் கூடாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்த அளவை வாரம் ஒரு தடவை எனக்கு எழுதி அனுப்புங்கள். அது நூற்றைம்பதுக்குக் கீழே வந்து நின்றால், பரீட்சை லீவில் வாண்டைக் கொண்டுவந்து விடுகிறேன். வராவிட்டால் அவள் இங்கேயே இருக்கட்டும். சோதித்துப் பார்க்காத லிஃப்டில் நான் யாரையும் ஏற்றுவதில்லை.

கோபம் குறையாத,
மச்சினன்

பிப்ரவரி 12

மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சண்டை போடத் தெம்பில்லை என்று நினைக்காதே. சண்டை போட எதுவும் தோன்றவில்லை. பாப்பாவை நீ அழைத்துக்கொண்டு கிளம்பியபோது அவள் செருப்பைத் தேடிக் கொடுத்தேன், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன், கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.

பேக்கரிக்கு ஒழுங்காகப் போகிறேன். முதலாளியம்மா கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? ஓவன் மூட்டுகிறேன், கேக் மேல் பூப் போடுகிறேன், வாழ்த்து எழுதுகிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போன அடுக்குக் கேக்கை எல்லோரும் புகழ்ந்தார்களாம். நான் செய்தது என்கிறார்கள். செய்த ஞாபகமே எனக்கு இல்லை.

சர்க்கரை பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. உன் அக்காதான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிடுவாள். அந்த நாற்காலியை எடுத்து மூலையில் போட்டேன். எடுத்த இடம் இன்னும் மோசமாக இருந்தது. அதனால் மீட்டர், ஸ்ட்ரிப், இன்சுலின் எல்லாவற்றையும் பேக்கரிக்குக் கொண்டுபோய்விட்டேன். காலை முதல் சுற்றுக் கேக்குக்கெல்லாம் பொடிச் சர்க்கரை தூவி முடித்ததும், எதுவும் வாயில் போடும் முன்னே, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். முன்பெல்லாம் குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது வலிப்பதில்லை.

312, 298, 340, 305. நீ கேட்டாய், எழுதியிருக்கிறேன்.

பாப்பாவின் குளிர்ச்சட்டை இங்கேயே கிடக்கிறது. அனுப்பட்டுமா?

அத்தான்

பிப்ரவரி 20

அத்தானுக்கு,

312, 298, 340, 305. இது என்ன, தெருவில் இருக்கிற வீட்டு நம்பரா? கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். கூட வேலை செய்கிறவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கயிறு ஏதும் விட்டுப்போச்சா என்று கேட்டான்.

எனக்கு ஒன்று நன்றாகத் தெரிகிறது. நீங்கள் சாப்பிடுகிறீர்கள். வெட்டிப்போட்ட கேக் ஓரம், பாத்திரத்தில் ஒட்டிய க்ரீம், இப்படி ஏதாவது. தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அக்கா இருந்தவரை நூற்று முப்பது, நாற்பது என்று அடங்கிக் கிடந்த அளவு, அவள் போனதும் முந்நூறைத் தாண்டுகிறது என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? கேட்க ஆளில்லை, வாய் திறக்கிறது. கோபப்படாதீர்கள் என்று எழுத வந்தேன், நீங்கள் கோபப்பட்டால் நல்லதுதான் என்று தோன்றுகிறது.

எந்த அளவுக்கு எவ்வளவு இன்சுலின் கூடுதலாகப் போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டை உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதை அழகுக்கு ஒட்டவில்லை. பார்த்துப் போடுங்கள்.

வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அப்பாவுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்பது நம்பரே இல்லையே என்று சொல்லிவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டாள். இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரைப் பார்த்துப் பழகினாளோ.

குளிர்ச்சட்டை வேண்டாம். புதிதாக வாங்கிவிட்டேன்.

மச்சினன்

மார்ச் 1

மாப்பிள்ளை,

நான் சாப்பிடவில்லை. இதை ஒரு தடவைதான் சொல்வேன். எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து ருசி பார்ப்பது முதலாளியம்மாவின் வேலை. இப்போது அவரே ஊட்டிவிட்டாலும் எனக்கு ருசி தெரியப்போவதில்லை. நேற்று சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்த பிறகுதான் உப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை என்று பார்த்தேன்.

அட்டையில் உள்ளபடி ஊசி போடுகிறேன். 355, 322, 371. கூட்டிக்கொண்டேதான் இருக்கிறேன், மறுநாள் காலையில் மறுபடி அதே முந்நூறு. பத்து மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, பூப் போட முடிவதில்லை. முதலாளியம்மா ஒரு பன்னை எடுத்துக் கையில் திணிக்கிறார். தின்றால் அடங்குகிறது. துக்கம் உடம்பில் இப்படித்தான் காட்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் உன் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. நீயும் ஒரு தரம் பாத்துக்கயேன் என்பேன். "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன். ஒரு ஸ்ட்ரிப்பை வீணாக்கணுமா?" என்பாள். நான் விட்டுவிடுவேன். கையைப் பிடித்து இழுத்துக் குத்தியிருக்கலாம். குத்தவில்லை. அவ்வளவுதான் பதில்.

அவள் எப்படிப் பார்ப்பாள் என்று உனக்குத் தெரியாது. கிண்ணத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். என் விரல்களை அதில் முக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்து, துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அப்புறம்தான் குத்துவாள். பெண் பார்க்க வந்தவனுக்குக்கூட உங்கள் வீட்டில் இத்தனை உபசாரம் நடக்கவில்லையே என்று கேலி செய்வேன். சிரிப்பாள். ஏன் என்று சொல்ல மாட்டாள், நானும் கேட்டதில்லை.

நீ உனக்குப் பார்த்தாயா? நீயும் அவளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். உங்கள் அப்பாவுக்கும் இருந்தது.

அத்தான்

மார்ச் 9

அத்தானுக்கு,

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சாப்பிடவில்லை என்று மேலே எழுதிவிட்டு, தினமும் பன் தின்கிறேன் என்று கீழே நீங்களே எழுதிவிட்டீர்கள். கை நடுங்கினால் பன் தின்பது எந்த ஊர் வைத்தியம்?

371 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. பயம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. தயவுசெய்து அந்தப் பன்னை நிறுத்துங்கள். அட்டையில் கடைசி வரியில் போட்டிருக்கிற அளவைப் போடுங்கள். அடுத்த வருஷமும் வாண்டு இங்கேதான் படிக்கிறாளா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அளவு இறங்காவிட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இது மிரட்டல் மாதிரி இருக்கிறது, மிரட்டல்தான்.

கிண்ணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தை ஒரு தடவைக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கென்ன, நாள் முழுக்கப் படி ஏறுகிறேன். லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள். ஊரில் லிஃப்டில் போகக் கொடுத்துவைக்காத ஒரே ஆள் லிஃப்ட்காரன்தான். தாகம்தான் கொஞ்சம் அதிகம். நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வாண்டு எனக்கு ஒட்டகம் என்று பேர் வைத்திருக்கிறாள். மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மச்சினன்

மார்ச் 23

மாப்பிள்ளை,

முதலாளியம்மா உனக்குப் போன் செய்து பாதி சொல்லியிருப்பார். மீதியை நான் எழுதுகிறேன்.

அன்று காலை 384. அட்டையின் கடைசி வரியில் இருந்ததைப் போட்டேன். பன் சாப்பிடவில்லை. முதலாளியம்மா நீட்டினார், வேண்டாம் என்றேன். மாதக் கடைசி நெருங்கிவிட்டது, பாப்பா வர வேண்டுமே என்று வைராக்கியமாக இருந்தேன். ஓவனிலிருந்து தட்டை உருவியதுவரை ஞாபகம் இருக்கிறது. தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்திருக்கிறோம். நல்லவேளை, ஓவன் பக்கம் விழவில்லை. அரை மயக்கத்தில் கிடந்த என் வாயில் முதலாளியம்மா சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரையா என்று கடையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்களாம். தினமும் பன் கொடுத்தால் தெளிகிறானே என்று அவர் கேட்காமல் ஊற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அதற்குப் பிறகும் 41. எனக்குச் சர்க்கரை கூடவில்லை, மாப்பிள்ளை. இல்லாமல் போய் விழுந்திருக்கிறேன்.

மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறதே, அதையும் எடுத்தார்கள். சுமாராக, நல்லபடியாகத்தான் இருந்தது. முந்நூறு, முந்நூறு என்று மீட்டர் சொன்னதற்கும் இதற்கும் ஒட்டவே இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்று, வேலை முடிந்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வாருங்கள் என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள். போனேன். எப்போதும் பார்க்கிற மாதிரியே பார்க்கச் சொன்னாள். ஏப்ரன் இல்லை, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு குத்தினேன். 336. பிறகு என்னைக் குழாய்க்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, துடைத்து, பக்கத்து விரலில் அவளே குத்தினாள். 128.

"அண்ணே, அந்தச் சர்க்கரை உங்க ரத்தத்துல இல்ல. விரல்ல இருக்கு" என்றாள்.

நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. எண்ணெய் பட்டால் கழுவுவோம், முட்டை பட்டால் கழுவுவோம். மாவும் சர்க்கரையும் எங்களுக்கு அழுக்கே இல்லை. தூவித் தூவி அது தோலோடு தோலாகிவிடுகிறது. ஏப்ரனிலும் அதுதான் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்துக்கு அந்தத் தூசி போதுமாம்.

உன் அக்கா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தது இதற்குத்தான். உபசாரம் இல்லை. என்னிடம் சொன்னாளோ சொல்லவில்லையோ, சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அழ வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

இனி அளவு சரியாகத்தான் வரும். பாப்பாவை அனுப்பு.

இன்னொன்று. எனக்கென்ன என்று எழுதியிருந்தாய். உன் அக்கா சொன்ன அதே வார்த்தை. ஒட்டகம் என்றும் எழுதியிருந்தாய். தாகம் எதனால் வரும் என்று சர்க்கரைக்காரனிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவிட்டு எழுது.

அத்தான்

ஏப்ரல் 2

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு லிஃப்டைச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். மறுநாள் போய் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். நான் பார்த்ததில் எனக்கே நம்பிக்கையில்லை.

பன்னை நிறுத்துங்கள் என்று எழுதியது நான். கடைசி வரியில் உள்ளதைப் போடுங்கள் என்று எழுதியதும் நான். லிஃப்டில் எடை காட்டும் கருவி ஏறுக்குமாறாகக் காட்டினால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன், உள்ளே நிற்கிற ஆளை இல்லை. உங்கள் விஷயத்தில் ஆளையே பிடித்துக்கொண்டேன். உங்களைத் திட்ட எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது, அந்த எண்கள் அதைக் கொடுத்தன. உங்கள் மேல் கோபமாக இருந்தவரை அக்கா இன்னும் முழுசாகச் சாகாத மாதிரி இருந்தது. இப்போது கோபத்துக்கு வழியில்லாமல் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது. உங்களுக்கு முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்ததோ என்னவோ.

வாண்டிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன், என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அப்பா மொதல்லேர்ந்தே நல்லாத்தான் இருந்தாரா, மாமா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ நான் எதுக்கு இங்க இருந்தேன்?"

அன்று நீங்கள் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தீர்களே, அதற்கு நான் உங்களை என்னவெல்லாம் நினைத்தேன். நானும் சுவரைத்தான் பார்த்தேன், அத்தான்.

அடுத்த வருஷத்துக்கு அவள் இங்கே படிக்க மாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன்.

நீங்கள் கேட்ட மற்ற விஷயம் இருக்கட்டும். மீட்டர் வாங்கிவிட்டேன், பெட்டியைப் பிரிக்கவில்லை. தெரியாதவரை இல்லாத மாதிரிதானே. இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும், நீங்கள் வேறு எழுத வேண்டாம். வாண்டை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை விட்டுவிடுங்கள்.

மச்சினன்

ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

131, 142, 126. வீட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தது. எதிர் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டேன். பழகவில்லை. பழகும் என்று நினைக்கவும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பாப்பாவின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். மாற்றும்போது கை நடுங்கியது. பழைய கதை போலிருக்கிறதே என்று பயந்துபோய் உடனே சர்க்கரை பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வேறு ஏதோ நடுக்கம். நடுக்கம் நின்ற பிறகும் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அவள் வேண்டும். அனுப்பு என்று எழுதினேனே தவிர, இத்தனை நாள் இதை நான் உனக்கு எழுதவில்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். நீ கூட்டிக்கொண்டு போனபோது போகாதே என்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். வேண்டும், மாப்பிள்ளை. ரொம்ப வேண்டும்.

ஆனால் உனக்குப் பார்க்காமல் அவளைக் கொண்டுவராதே.

ஏன் என்று சொல்கிறேன். உன் அக்கா போன அன்று காலை, நான் பேக்கரிக்குக் கிளம்பிய பிறகு அவளோடு இருந்தது பாப்பா ஒருத்திதான். விழுந்து கிடந்தவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்துப் போர்த்திவிட்டிருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது கழுத்துவரை போர்த்தியிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் அன்று சொல்லவில்லை. நீ கேட்ட கேள்விக்கு நான் ஏன் சுவரைப் பார்த்தேன் என்றால், எனக்கு அந்தப் போர்வை மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அம்மா வழியில் மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். அவளை ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு உன்னைத் தனியாக ரயிலேற்றிவிட்டு, பிறகு ஒரு நாள் உன்னைப் பற்றி எனக்கு ஒரு போன் வந்தால், அதை நான் போய் அவளிடம் எப்படிச் சொல்வேன்? இன்னொரு தடவை அவள் யாரையும் அப்படிப் போர்த்தக் கூடாது.

உன் எண் வரட்டும். எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன். உன்னை மிரட்டவில்லை. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

அத்தான்

ஏப்ரல் 17

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்தபோது படித்தேன். அவள் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன மாமா என்றாள். என்னால் எதையும் மறைக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அக்கா போன பிறகு நான் அழுதது அன்றுதான். அவள் முதலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளும் ஆரம்பித்தாள். மேல் வீட்டு டீச்சரம்மா பயந்துபோய் இறங்கி வந்தார், எங்கள் அடுப்பில் சாதம் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மீட்டர் பெட்டியைப் பிரித்தது வாண்டுதான். எனக்குக் கை வரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிகிறது, ஸ்ட்ரிப்பை எந்தப் பக்கம் சொருக வேண்டும், விரலில் எந்த இடத்தில் குத்த வேண்டும், எல்லாம். அவள் குத்தும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெறும் வயிற்றில் 267. எண்ணை அவளே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் 259. அன்றே டாக்டரிடம் போனேன். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார். இதயத்துக்கும் ஒரு சோதனை எடுக்க வேண்டும், கண்ணுக்கும் எடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். வெளியே வந்து வாண்டிடம் சொன்னபோது, "சரி மாமா, எடுத்துடலாம்" என்றாள். அந்தக் குரல் அக்காவுடையது.

வெள்ளிக்கிழமை அவள் பரீட்சை முடிந்ததும் ரயிலில் கிளம்பி சனிக்கிழமை காலை அங்கே வருகிறோம். அவளுக்குப் போவதற்கு மட்டும், எனக்குப் போக வர என்று டிக்கெட் எடுக்கத்தான் கவுன்டரில் போய் நின்றேன். இரண்டு பேருக்கும் போவதற்கு மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலையில் லீவு கேட்டிருக்கிறேன், எத்தனை நாள் என்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

மச்சினன்